விடுதலை ஆனவனுக்குப் பரீட்சை கிடையாது

எரிஞ்சுபோன மோட்டாரைத் தூக்கிட்டு வர்ற யாரும் "நேத்து வரைக்கும் நல்லாத்தாங்க ஓடுச்சு"ன்னுதான் சொல்லுவாங்க. ஜெயில்ல நான் பாத்தவங்களும் அவங்கவங்களைப் பத்தி அதையேதான் சொன்னாங்க.

மோட்டார்கிட்ட ஒரு நல்ல குணம், அது சத்தியம் பண்ணாது. மத்தபடி ரெண்டும் ஒண்ணுதான். திறந்து பாத்தாத்தான் எங்க கருகியிருக்குன்னு தெரியும்.

ஸ்ரீரங்கத்துல எனக்கு காயில் வைண்டிங் கடை, மோட்டாருக்குள்ள கருகின செம்புக் கம்பியை எடுத்துட்டுப் புதுசு சுத்திக் குடுக்கறது. கடைன்னா ஒரு கதவு, ஒரு பெஞ்சு, மேல ஒரு போர்டு. எமர்ஜென்சி முடிஞ்சு ரெண்டு வருஷம் இருக்கும், அப்ப ஆரம்பிச்சு மூணு வருஷம் திருச்சி ஜெயில்ல கைதிங்களுக்கு மோட்டார் வேலை கத்துக்குடுத்தேன். வெளிய சொன்னா, "எந்தக் கேசுல?"ன்னு கேக்கறாங்க. அதனால இங்க சொல்றேன். யாருக்காவது தொழில் கத்துக்குடுத்து மாட்டிக்கிட்டவங்க, பணம் குடுக்கற இடத்துக்கு ரிப்போர்ட் எழுதி மாட்டிக்கிட்டவங்க, கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்க. நாமெல்லாம் ஒரே வார்டு.

அஞ்சாங்கிளாஸ் வாத்தியார்

டவுன்ல ஹாஸ்டல் நடத்தற ஃபாதர் ஒருத்தர். அவரு ஹாஸ்டல் கிணத்து மோட்டாரை நான்தான் பாப்பேன். ஒரு நாள் கடைக்கே வந்து, "ஜெயில்ல இருக்கறவங்களுக்குத் தொழில் கத்துக்குடுக்க வெளிநாட்டுல ஒரு சங்கம் உதவி பண்ணுது. வாரத்துல மூணு நாள் வர்றீங்களா?"ன்னாரு. எந்த நாடுன்னு கேட்டேன். சொன்னாரு. மூணு வருஷம் அவங்க சம்பளத்துல சாப்பிட்டேன், இன்னிக்கு வரைக்கும் அந்தப் பேரு என் வாயில நுழையல. ரொம்பக் குளிர்ற ஊருன்னு மட்டும் தெரியும்.

எனக்கு முன்னால டிப்ளமா படிச்சவங்க ரெண்டு பேரு போயிருக்காங்க. முதல் ஆளு, முதுகுக்குப் பின்னால கேட்டு சாத்தற சத்தம் கேட்டதுமே திரும்பிட்டாராம். ரெண்டாவது ஆளு மத்தியானச் சாப்பாடு வரைக்கும் தாக்குப்பிடிச்சாராம். அப்புறம்தான் என்னைக் கொண்டுபோய் ஜெயில் சூப்பிரண்டு முன்னால நிறுத்துனாங்க. பெரிய மீசை, சின்னக் குரல் அவருக்கு.

"எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?"ன்னாரு. "அஞ்சாவது சார்"னேன். "ஏன் நிறுத்திட்டீங்க?"ன்னாரு. "நான் நிறுத்தல சார், அவங்கதான் நிறுத்துனாங்க"ன்னேன். அவரு சிரிக்கல. பேனாவை மூடி வெச்சுட்டு ஃபாதர் பக்கம் திரும்பி, "இவரு நம்ம ஆளுங்களோட நல்லா ஒத்துப்போவாரு ஃபாதர். வெள்ளைச் சட்டை மட்டும் போட்டுக்கிட்டு வரவேணாம்னு சொல்லுங்க, கைதின்னு நெனைச்சு சாயந்தரம் உள்ளயே வெச்சுப் பூட்டிடுவோம்"னாரு.

சீமைச் சாமான்

முதல் மாசமே மரப்பெட்டியில சாமான் வந்து எறங்குச்சு. மே மாசம். திருச்சி வெயில் உங்களுக்குத் தெரியும். பெட்டியைப் பிரிச்சா மேலாப்புல ரெண்டு டஜன் கம்பளிக் கையுறை. வேலை பாக்கறப்ப விரல் விறைச்சுப்போகக் கூடாதாம். எங்களுக்கு ஸ்பேனரைத் தொட்டாலே தோல் ஒட்டிக்கிட்டு வந்துச்சு. கையுறையை வார்டருங்க எடுத்துக்கிட்டாங்க, சூடான டீ டம்ளரைப் பிடிக்க.

அடியில எட்டு மோட்டார் இருந்துச்சு, துணி துவைக்கற மெஷின்ல வர்றதாம். அந்த மெஷினை எங்கள்ல ஒருத்தரும் கண்ணால பாத்ததில்ல. "தண்ணியும் சோப்பும் போட்டு மூடிட்டா அதுவே துவைச்சுடும்"னு ஃபாதர் சொல்லிக்குடுத்ததை நான் கிளாஸ்ல அப்படியே சொன்னேன். பத்து வருஷமா ஜெயில் துணி துவைக்கற அந்தோணின்னு ஒரு பெரியவர், கொலைக் கேசு, ஆயுள் தண்டனை. அதைக் கேட்டுட்டு எந்திரிச்சாரு.

"அப்ப அந்த ஊரு ஜெயில்ல இருக்கறவனெல்லாம் பொழுதுக்கும் என்னதான் பண்ணுவான், மாஸ்டர்?"

நாப்பது மோட்டார் பாத்தவன்

சாமானோட ஒரு டஜன் நீலப் பெட்டியும் வந்துச்சு. அதைத் தனியாச் சொல்லணும். இரும்புப் பெட்டி. மூடியைத் தூக்கினா உள்ள இருக்கற தட்டெல்லாம் படிக்கட்டு மாதிரி விரியும். ஸ்பேனர், கட்டிங் பிளேயர், பேரிங் கழட்டற புல்லர், டெஸ்ட் லேம்ப்பு, எல்லாம் அததுக்குன்னு குழியில படுத்திருக்கும். ஆறு மாசம் கிளாஸுக்கு வரணும், நடத்தை நல்லா இருக்கணும், கடைசியில சங்கத்து ஆளு முன்னால பரீட்சை குடுத்துப் பாஸ் பண்ணணும். பண்ணினா அந்தப் பெட்டி கைதிக்கே சொந்தம். பீரோவுல வெச்சுப் பூட்டிட்டோம். கண்ணாடிக் கதவு. படிக்கறவன் கண்ணு கரும்பலகையில இருக்காது, அங்கதான் இருக்கும்.

ரெண்டாவது பேட்ச் ஆரம்பிச்ச அன்னிக்கு, "இதுக்கு முன்னால மோட்டாரைப் பக்கத்துல பாத்தவங்க யாரு?"ன்னு கேட்டேன். ஒல்லியா ஒருத்தன் கையைத் தூக்கினான். பேரு செல்லையா, தொட்டியம் பக்கம். "எத்தனை மோட்டார் பாத்திருப்பே?"ன்னேன். "ஒரு நாப்பது இருக்கும் மாஸ்டர்"னான். எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம்தான் பக்கத்துல இருந்தவன் சொன்னான், அவன் வாழைத்தோட்டத்துப் பம்பு செட்டு மோட்டாரைத் திருடி, உள்ள இருக்கற செம்புக் கம்பியை உருவி வித்த கேசுல வந்தவன்னு.

சரி, இருக்கட்டும்னு ஒரு மோட்டாரைக் குடுத்துக் கழட்டச் சொன்னேன். கண்ணு பக்கத்துல போகல. கையாலயே தடவித் தடவி நாலு போல்ட்டையும் எடுத்துட்டான். என் சர்வீஸ்ல நான் அவ்வளவு வேகமாக் கழட்டினதில்ல. "பிரமாதம், இப்ப மாட்டு"ன்னேன். போல்ட்டைப் பாத்தான், என்னைப் பாத்தான். "என்னப்பா, நாப்பது கழட்டியிருக்கே, ஒண்ணு மாட்டத் தெரியாதா?"ன்னேன்.

"அதுக்கெல்லாம் நேரம் இருந்ததில்ல மாஸ்டர்."

மனு நாள்

கைதிங்களைச் சொந்தக்காரங்க வந்து பாக்கறதுக்கு 'மனு பாக்கறது'ன்னு பேரு. அன்னிக்கு வெளிய டீக்கடையில கூட்டம் தாங்காது. நான் டீ குடிச்சுக்கிட்டிருந்தேன். ஒரு பொண்ணு, கையில தூக்குவாளி, நேரா வந்து, "நீங்கதான் மோட்டார் வாத்தியாருங்களா? நான் செல்லையா வீட்டுக்காரி, சரோஜா"ன்னுச்சு. "பெட்டி குடுப்பாங்கன்னு சொல்றாரே, அது நெசங்களா?"

நெசம்தான்னேன். தூக்குவாளியைக் கீழ வெச்சுட்டுச் சொல்லுச்சு. சுத்துப்பட்டு ஊருல எங்க மோட்டார் காணாமப் போனாலும் போலீஸ் முதல்ல இவங்க வீட்டுக்குத்தான் வருமாம். செல்லையா ஜெயில்ல இருக்கறப்பவே ரெண்டு தடவை வந்துட்டாங்களாம். வெளிய வந்து ஒழுங்கா இருக்கலாம்னாலும், மோட்டார் திருடனை எந்த மெக்கானிக் கடையில சேப்பாங்க? சொந்தமாச் சாமான் இருந்தா பஸ் ஸ்டாண்டு ஓரமா உக்காந்து பொழைச்சுக்கலாம். இல்லைன்னா பழைய கூட்டாளிங்க ரெண்டே நாள்ல வந்து நிப்பாங்க. போன தடவை அப்படித்தான் நடந்துச்சாம்.

எல்லாத்தையும் அழாமச் சொல்லுச்சு. நான்தான் டீயைக் கீழ ஊத்திட்டேன். தூக்குவாளியை எடுத்துக்கிட்டு, போறப்ப திரும்பிச் சொல்லுச்சு: "பெட்டியோட வந்தா வீட்டுக்குள்ள வரலாம்னு அவருகிட்டச் சொல்லிட்டேன். வெறுங்கையோட வந்தா வாசல்லயே பேசிக்கலாம்னும் சொல்லிட்டேன். நீங்களும் ஒரு தடவை ஞாபகப்படுத்துங்க."

கூடிப்போன ஆளுங்க

வைண்டிங் வேலையில சுத்துதான் உசுரு. ஒரு காயிலுக்கு அறுபத்தெட்டு சுத்துன்னா அறுபத்தெட்டுதான். குறைஞ்சா மோட்டார் புகைஞ்சுடும். அதனால சுத்தறவன் வாய்க்குள்ள எண்ணிக்கிட்டே இருப்பான். ஜெயில்லயும் எண்ணிக்கைதான் உசுரு. பதினோரு மணிக்கு வார்டர் துரைக்கண்ணு வந்து கிளாஸ் நடக்கற ஷெட்டுல இருக்கற தலையை எண்ணி சிலேட்டுல எழுதிக்கிட்டுப் போவாரு. அவரு வாய்க்குள்ள எண்ணற ஆளு கிடையாது. மைக்கு வெச்ச மாதிரி எண்ணுவாரு.

ஒரு நாள் செல்லையா அம்பத்து மூணாவது சுத்துல இருக்கான். அவனுக்கு வாய் அன்னிக்குக் கொஞ்சம் சத்தமாவே முணுமுணுக்குது. துரைக்கண்ணு "பத்து, பதினொண்ணு, பன்னெண்டு"ன்னு அவன் பின்னால வந்து நின்னாரு. அவ்வளவுதான். செல்லையா அம்பத்து மூணுலேர்ந்து பதிமூணுக்கு எறங்கிட்டான். துரைக்கண்ணு பன்னெண்டுலேர்ந்து அம்பத்தி நாலுக்கு ஏறிட்டாரு. இவன் காயில்ல நாப்பத்தோரு சுத்து கூடிப்போச்சு, மோட்டாருக்குள்ள அதை வைக்கற ஸ்லாட்டுக் குழியில இறங்கல. அது பரவால்ல, பிரிச்சுடலாம். இருந்தது என்னையும் சேத்துப் பதிமூணு தலை, சிலேட்டுல 'மோட்டார் ஷெட்டு: 54'ன்னு எழுதி ஆபீசுக்குப் போயிடுச்சு.

கால் மணி நேரத்துல சீஃப் வார்டர் நாலு பேரோட ஓடி வந்தாரு. எங்களை ரெண்டு தடவை எண்ணினாரு. மோட்டாருக்குப் பின்னால பாத்தாரு. பீரோவைக்கூடத் தொறந்து பாத்தாரு. அப்புறம் அந்த சிலேட்டைத் துரைக்கண்ணு மூஞ்சிக்கு நேரா நீட்டினாரு.

"குறைஞ்சா ஊரெல்லாம் போய்த் தேடலாம். கூடிப்போனா எங்கய்யா போய்த் தேடறது?"

பின்பக்கம்

சங்கத்துக்காரங்க போட்டோ கேட்டாங்க. கைதி மூஞ்சியைப் படம் எடுக்கக் கூடாதுன்னு ஜெயில் சட்டம். ஃபாதர் ரெண்டு பேரு மனசும் நோகாம ஒரு வழி கண்டுபிடிச்சாரு. பன்னெண்டு பேரையும் சுவத்தைப் பாத்து நிக்க வெச்சு முதுகுப்பக்கமா எடுத்தோம். நான் மட்டும் கேமராவைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு நின்னேன். ஒன்றரை மாசம் கழிச்சு பதில் வந்துச்சு. ஃபாதர் தமிழ்ல படிச்சுக் காமிச்சாரு: "படம் கிடைத்தது, மகிழ்ச்சி. உங்கள் மாணவர்களுக்கு எங்கள் மேல் ஏதாவது வருத்தமா?"

நல்லாப் படிச்சா வீட்டுக்கு

நம்ம திட்டத்துல ஒரு ஓட்டை இருந்துச்சு, அது முதல் பேட்சுலயே தெரிஞ்சுபோச்சு. கிளாஸுக்கு ஒழுங்கா வர்றவனுக்கு வாத்தியார் 'நன்று'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். அதைப் பாத்து ஜெயில்ல அவன் தண்டனையில நாள் கழிப்பாங்க. எனக்கு எழுத வர்றதே நாலு வார்த்தை, அதுல 'நன்று' ஒண்ணு. எல்லாருக்கும் வஞ்சனை இல்லாமப் போட்டேன். நல்லாப் படிக்கறவனெல்லாம் நாலு மாசம், அஞ்சு மாசத்துல கும்பிட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டான். முதல் பேட்சுல பன்னெண்டு பேரு சேந்தாங்க. ஆறாவது மாசம் பரீட்சைக்கு மிச்சம் இருந்தது அந்தோணிப் பெரியவர் மட்டும். அவரு வந்தது ஷெட்டுல சுத்தற ஃபேன் காத்துக்கு. பரீட்சையில பெயில்.

சங்கத்துலேர்ந்து காயிதம்: இது வரைக்கும் படிச்சு முடிச்சவங்க எத்தனை பேரு? ஃபாதர் என்னைப் பாத்தாரு, நான் சூப்பிரண்டைப் பாத்தேன், சூப்பிரண்டு ஜன்னலைப் பாத்தாரு. நல்லவன் போயிடறான், மொக்கை தங்கிடறான்னு எப்படி எழுதறது? கதவு ஓரமாத் துணி மூட்டையோட நின்ன அந்தோணி, யாரும் கேக்காமயே சொன்னாரு:

"ஆறு மாசம் முழுசாப் படிக்கணும்னா கொலைதான் பண்ணிட்டு வரணும் மாஸ்டர்."

போகமாட்டேன்னவன்

சங்கத்துலேர்ந்து ஒரு வெள்ளைக்கார அம்மா பரீட்சை வைக்க நேர்ல வர்றாங்கன்னு தேதி வந்துச்சு. அதே வாரம் செல்லையாவோட விடுதலை தேதியும் வந்துச்சு. பரீட்சைக்குப் பத்து நாள் முந்தி. என் கையெழுத்துதான் அவனை முன்னால தள்ளி விட்டிருக்கு. இருபத்துநாலு வாரம் இருபத்துநாலு 'நன்று'. அவன் வந்து நின்னான். "மாஸ்டர், ஒரே ஒரு 'சுமார்' போட்டிருக்கக் கூடாதா?"ன்னான். எனக்கு 'சுமார்' எழுத வராதுன்னு அவன்கிட்ட எப்படிச் சொல்றது?

பத்து நாள் கூட வெச்சுக்கங்கன்னு மனு எழுதிக் குடுத்தான். சூப்பிரண்டு அதை ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்தாரு. ஒரு நாள் அதிகமா வெச்சாலும் அவரு வேலை போயிடுமாம். தப்புப் பண்ணினா கழிச்ச நாளு திரும்பக் கூடும்ல, அதையும் பண்ணிப் பாத்தான் செல்லையா. சமையல்கட்டுல வெங்காயம் எடுத்தான். சமையல்காரன், "வீட்டுக்குப் போறவன், இன்னும் ரெண்டு எடுத்துக்க"ன்னான். வரிசையில நிக்கமாட்டேன்னு உக்காந்தான். "கால் வலியாப்பா?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க. கடைசியில துரைக்கண்ணு சட்டையைப் பிடிச்சு, வாயில வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினான். துரைக்கண்ணு பொறுமையாக் கேட்டாரு. சட்டையைச் சரி பண்ணிக்கிட்டாரு.

"நாளைக்கழிச்சு பொண்டாட்டி மூஞ்சியைப் பாக்கப்போறவன் மேல ரிப்போர்ட் எழுதி, அந்தப் பாவத்தை நான் கட்டிக்கணுமா? போடா, போய்க் குளி."

ஒரு போல்ட்டு குறையும்

வெளிய வந்தவன் ஊருக்குப் போகல. வெறுங்கையோட எப்படிப் போவான்? ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி ஸ்ரீரங்கத்துல என் கடைக்கு வந்துட்டான். பரீட்சை எழுத முடியுமா முடியாதான்னே தெரியாது, ஆனாலும் பத்து நாளும் பெஞ்சுல உக்காந்து காயில் சுத்திக்கிட்டே இருந்தான். பழைய கதையை யாருகிட்டயும் பேசாதேன்னு சொல்லி வெச்சிருந்தேன்.

உத்தர வீதி ஐயங்கார் ஒருத்தர், கொள்ளிடத்துக்கு அக்கரையில தென்னந்தோப்பு இருக்கு அவருக்கு. கிணத்து மோட்டாரை வண்டியில வெச்சுக் கொண்டுவந்தாரு. "நேத்து வரைக்கும் பேஷா ஓடிண்டிருந்ததுப்பா"ன்னாரு. செல்லையா மோட்டாரைப் பாத்ததும் எந்திரிச்சு நின்னான். வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். "சாமி, இதுக்கு அடியில இடது பக்கம் ஒரு போல்ட்டு இருக்காதே"ன்னான். ஐயங்கார் குனிஞ்சு பாத்தாரு. இல்ல. "ரெண்டு வருஷத்துக்கு முன்னே இது களவு போச்சு. போலீஸ்காரா மீட்டுக் குடுத்தா. அந்த ஒரு போல்ட்டை மட்டும் காணோம். உனக்கு எப்படிடாப்பா தெரியும்?"ன்னாரு. செல்லையா தலையைக் குனிஞ்சு, "வாய்க்கால்ல விழுந்துடுச்சு சாமி. தேட நேரமில்ல"ன்னான்.

நான் கடையை மூடிட்டு எங்க ஓடலாம்னு பாத்தேன். ஐயங்கார் வெத்தலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கிட்டாரு. அவனை மேலும் கீழும் பாத்தாரு. அவன் சுத்தி வெச்சிருந்த காயிலை எடுத்து, தூக்கிப் பிடிச்சுப் பாத்தாரு. கடைசியில என்கிட்டச் சொன்னாரு: "வேலை முடிஞ்சதும் இவனையே அனுப்பு, வந்து மாட்டட்டும். தோப்புக்கு வழி சொல்ல வேண்டாம், அவனுக்கே தெரியும்."

நடுவுல

பரீட்சை அன்னிக்கு செல்லையாவும் நானும் எட்டு மணிக்கே ஜெயில் வாசல்ல. சட்டம் இப்படி: பரீட்சை கைதிக்கு மட்டும்தான், ஜெயில்லதான் நடக்கணும். விடுதலை ஆனவனை உள்ள விடக் கூடாது. பரீட்சை மோட்டார் ஜெயில் சாமான், அதை வெளிய விடக் கூடாது. வெள்ளைக்கார அம்மா வந்துட்டாங்க. இந்த பேட்சுலயும் மத்தவங்க 'நன்று' வாங்கிட்டு வீட்டுக்குப் போயாச்சு, உள்ள பரீட்சைக்கு ஆளே இல்ல, அந்தோணியைத் தவிர. அவரும் "எனக்கு வேணாம்"னுட்டாரு.

ஜெயிலுக்கு வெளி கேட்டு ஒண்ணு, உள் கேட்டு ஒண்ணு. ஒண்ணு தொறந்தா இன்னொண்ணு சாத்தியிருக்கும். நடுவுல ஒரு லாரி நிக்கற அளவுக்கு இடம். சூப்பிரண்டு அங்க நின்னு மீசையைத் தடவிக்கிட்டே யோசிச்சாரு. அப்புறம் சின்னக் குரல்ல உத்தரவு போட்டாரு. உள் கேட்டைத் தொறந்து மோட்டார் வந்துச்சு. அதைச் சாத்தி வெளி கேட்டைத் தொறந்து செல்லையா வந்தான். அதையும் சாத்தியாச்சு. அம்மாவுக்கு வார்டர் ஸ்டூல். காயில் சுத்தி, ஸ்லாட்டுல இறக்கி, கனெக்‌ஷன் குடுத்து ஓட்டிக் காட்டணும். நான் வாயைத் தொறக்கக் கூடாது. மூணு மணி நேரம் நான் பேசாம இருந்தேன். என் சம்சாரம் இன்னிக்கும் இதை நம்பறதில்ல.

நடுவுல காய்கறி வண்டி வந்துச்சு. எல்லாரும் எந்திரிச்சு சுவத்தோட ஒட்டிக்கிட்டோம். அந்த அம்மா பாதி சுத்தின மோட்டாரைக் கொழந்தை மாதிரி மடியோட அணைச்சுக்கிட்டாங்க, கவுன் பூரா வார்னிஷ். அப்புறம் விறகு வண்டி. அப்புறம் கோர்ட்டுக்குப் போறவங்க. ஒவ்வொரு தடவையும் செல்லையா விட்ட இடத்துலேர்ந்து ஆரம்பிச்சான். கடைசியில கேட்டு விளக்கு பாயிண்ட்லேர்ந்து கரண்டு எடுத்து சுவிட்சைப் போட்டான். ஓடுச்சு. அம்மா கை தட்டினாங்க, ஃபாதர் கை தட்டினாரு, கேட்டைத் தொறந்து சாத்தற பூட்டுக்காரன்கூடக் கை தட்டினான். நான் தட்டல. மோட்டார் ஒரு பக்கமாச் சுத்துது, அது மேல போட்டிருக்கற அம்புக்குறி எதிர்ப்பக்கம் காட்டுது.

அது எங்க ரெண்டு பேரு கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். அம்மா பேனாவைத் தொறந்துட்டாங்க. பேசாம இருடான்னு நான் கண்ணைக் காட்டறேன். செல்லையா சுவிட்சை அணைச்சான். "கொஞ்சம் இருங்கம்மா. பம்புல மாட்டி இப்படி ஓடினா சத்தம் வரும், தண்ணி வராது"ன்னான். ரெண்டு வயரைப் பிரிச்சு மாத்திப் போட்டான். மறுபடி சுவிட்சு. இப்ப சரியாச் சுத்துச்சு. ஃபாதர் அதை அவங்க பாஷையில சொன்னதும், அந்த அம்மா கையெழுத்துப் போட்டாங்க. போட்ட அப்புறம் ஃபாரத்தைப் படிச்சா, 'கைதிக்கு மட்டும்'னு இருக்கு. "இவரு இப்ப உள்ள இருக்காரா, வெளிய இருக்காரா?"ன்னு கேட்டாங்க. சூப்பிரண்டு நீலப் பெட்டியைத் தன் கையாலயே எடுத்துக்கிட்டு வந்தாரு.

"வெளி கேட்டு சாத்தியிருக்கற வரைக்கும் இவன் உள்ளதான் ஃபாதர். சீக்கிரம் குடுத்துடச் சொல்லுங்க, பால்காரன் வர்ற நேரம்."

காயிதம்

வெளி கேட்டைத் தொறந்தாங்க. எதுத்தாப்புல புளியமரத்தடியில சரோஜா நின்னுச்சு. நான்தான் ஒரு கார்டு போட்டிருந்தேன். செல்லையா பெட்டியை ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டுப் போனான். அதுக்குக் கைப்பிடி இருக்குங்கறதையே மறந்துட்டான். அந்தப் பொண்ணு அவன் மூஞ்சியைப் பாக்கல. பெட்டியைக் கீழ வைக்கச் சொல்லுச்சு, மூடியைத் தூக்குச்சு, தட்டெல்லாம் விரிஞ்சுச்சு. ஒவ்வொண்ணாத் தொட்டுப் பாத்துச்சு. அழும்னு நெனைச்சேன். தலையைத் தூக்காமயே, "இதுக்குக் காயிதம் இருக்கா?"ன்னுச்சு.

அவன் சட்டைப்பைக்குள்ளேர்ந்து எடுத்து நீட்டினான். சூப்பிரண்டு கையெழுத்து, ஃபாதர் கையெழுத்து, அந்த அம்மா கையெழுத்து, ஜெயில் சீலு. அந்தப் பொண்ணுக்குப் படிக்கத் தெரியாது. சீலை மட்டும் விரலாலத் தடவிப் பாத்துச்சு. நாலா மடிச்சு இடுப்புல சொருகிக்கிச்சு. அப்பதான் மொத மொதலா அவனை நிமிந்து பாத்துச்சு.

"காயிதம் என்கிட்ட இருக்கட்டும், போலீஸ் வந்தா நான் காட்டிக்கறேன். பெட்டியை நீங்க எடுங்க. ரெண்டு மணி பஸ்ஸைப் பிடிச்சுடணும். வெளிச்சம் இருக்கறப்பவே ஊருக்குள்ள போவோம், எல்லாரும் பாக்கட்டும்."

ஆக, மூணு வருஷம் நான் வாத்தியாரா இருந்த அந்த வெளிநாட்டு உதவித் திட்டத்துல படிச்சு முடிச்ச கைதி ஒருத்தரும் இல்ல, முடிச்சது ஒரே ஒருத்தன், அவனும் அன்னிக்குக் கைதி இல்ல.